கரூர் துண்டும் வெள்ளை மாளிகைக் கையெழுத்தும்

கேள்வி: ஐயா, நான் டெக்சாஸில் டாலஸுக்குப் பக்கத்தில் துண்டும் படுக்கை விரிப்பும் இறக்குமதி செய்து மோட்டல்களுக்குக் கொடுத்து வருகிறேன். என்னோடு சேர்த்து ஐந்து பேர். சரக்கு முழுவதும் கரூரில் என் மச்சானுடைய தறிக்கூடத்தில் இருந்து வருகிறது. ஆகஸ்ட் 23-ல் தூத்துக்குடியில் ஏற்றிய கன்டெய்னர் செப்டம்பர் 29-ல் ஹூஸ்டனில் இறங்கியது. 60,000 டாலர் சரக்குக்கு 35,460 டாலர் வரி கட்டினேன். ஏற்றும்போது நான் போட்ட கணக்கு 20,460 டாலர்தான். இந்தப் பணம் திரும்ப வருமா? இலங்கைக்கு அனுப்பி அங்கே ஓரம் தைத்துக் கொண்டுவந்தால் வரி குறையும் என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர், டாலஸிலேயே ஓரம் தைத்து ‘மேட் இன் யுஎஸ்ஏ’ என்று போடலாம் என்கிறார். இதற்கிடையில் ஒரு ஃபெடரல் மருத்துவமனை டெர்ரி துண்டு கேட்டிருக்கிறது. நான் 38,000 டாலருக்கு விலை கொடுக்க நினைக்கிறேன். ஏப்ரலில் அதிபர் கொள்முதல் விதிகளை எளிமையாக்கி ஆணை போட்டுவிட்டார், இனி அரசு உள்நாட்டுப் பொருளைத்தான் வாங்க வேண்டும் என்ற ‘பை அமெரிக்கன்’ தொல்லை இருக்காது என்றும் சொல்கிறார்கள். உண்மையா? கரூர் துண்டை இந்த நாட்டு அரசு ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய சுங்கப் பதிவையும் டெண்டர் நகலையும் இரண்டு முறை படித்தேன். இதை நான் எழுதுவது 2025 அக்டோபர் நடுவில்; இதில் வரும் வரிகளும் விதிகளும் அந்த நாள் நிலவரம்தான். தேதியை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: இந்த வருடம் இறக்குமதி வரி பற்றி யார் ஆலோசனை சொன்னாலும், எந்தத் தேதி நிலவரம் என்று கேட்டுவிட்டு அப்புறம் காது கொடுங்கள்.

முதலில் அந்த இரண்டு நண்பர்களுக்கும் பதில். இரண்டு யோசனையும் வேண்டாம். அவை உங்கள் தொழிலையே முடித்துவிடக்கூடியவை.

இலங்கைக்கு இப்போது 20 சதவீதம், இந்தியாவுக்கு 25-ம் அதற்கு மேல் இன்னொரு 25-ம் என்பதால் அந்த யோசனை வருகிறது. ஆனால் துண்டு, விரிப்பு போன்றவற்றுக்கு அமெரிக்கச் சுங்க விதி ‘எங்கே தைத்தார்கள்’ என்று பார்ப்பதில்லை. ‘துணி எங்கே நெய்யப்பட்டது’ என்று பார்க்கிறது. கரூர் தறியில் இறங்கிய டெர்ரி துணியைக் கொழும்பில் வெட்டி, ஓரம் அடித்து, பெட்டி போட்டாலும் அது இந்தியத் துண்டுதான். அதை இலங்கைத் துண்டு என்று பதிந்தால், ஜூலை 31-ம் தேதி ஆணையின்படி வரி ஏய்ப்புக்காகச் சுற்றிவிட்ட சரக்கு என்று 40 சதவீதம் விழும். அபராதம் தனி. வேண்டுமென்றே செய்த மோசடி என்று முடிவானால் சுங்கச் சட்டம் சரக்கின் முழு உள்நாட்டு மதிப்பு வரைக்கும் அபராதம் போட இடம் தருகிறது. ஆகஸ்ட் 29-ல் நீதித் துறை வர்த்தக மோசடிக்கென்றே ஒரு தனிக்குழு அமைத்திருக்கிறது. டாலஸில் ஓரம் தைப்பதும் இதே கதைதான். நெய்தது கரூர் என்றால் லேபிளில் இந்தியா என்றுதான் இருக்க வேண்டும்.

சரி, இப்போது நீங்கள் உண்மையில் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கையெழுத்தால் எப்படி இவ்வளவு மாறுகிறது, எது மாறும், எது மாறாது?

அதிபரின் நிர்வாக ஆணை சட்டம் அல்ல. நாடாளுமன்றமான காங்கிரஸ் போட்ட சட்டத்தில் எங்காவது ஓர் இடம் காலியாக விடப்பட்டிருக்கும். அந்த இடத்தில்தான் ஆணை எழுதப்படுகிறது. இதற்கு மிகப் பழைய உதாரணம் உங்கள் டெண்டரிலேயே இருக்கிறது. 1933 மார்ச் 3, அதிபர் ஹூவர் பதவியில் இருந்த கடைசி முழு நாள். அன்று அவர் ‘பை அமெரிக்கன்’ சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசு உள்நாட்டுப் பொருளைத்தான் வாங்க வேண்டும், உள்நாட்டு விலை ‘நியாயமற்றதாக’ இருந்தால் ஒழிய என்றது சட்டம். எத்தனை சதவீதம் கூடினால் நியாயமற்றது? சட்டம் சொல்லவில்லை. 21 வருடம் கழித்து, 1954 டிசம்பரில், ஐசனோவர் ஓர் ஆணையில் 6 சதவீதம் என்று எழுதினார். அதே போல ‘ஏறக்குறைய முழுவதும்’ உள்நாட்டுப் பாகங்களால் ஆன பொருள் என்று சட்டம் சொன்னதற்கு, பாதி இருந்தால் போதும் என்று அந்த ஆணை பொருள் கொடுத்தது.

அந்த இரண்டு எண்களும் அறுபது வருடத்துக்கு மேல் பெரும்பாலும் அப்படியே இருந்தன. போட்டியில் உள்ள உள்நாட்டு நிறுவனம் சிறியதாக இருந்தால் மட்டும் 12 சதவீதம் என்று ஆயிற்று. 2019 ஜூலையில் டிரம்ப் ஓர் ஆணையில் 6-ஐ 20 ஆகவும், 12-ஐ 30 ஆகவும், பாகங்களின் பங்கை 55 சதவீதமாகவும் ஏற்றச் சொன்னார். கட்சி மாறியதால் இது குறையவில்லை. 2021 ஜனவரியில், பதவியேற்ற முதல் வாரத்திலேயே பைடன் இன்னோர் ஆணை போட்டார். அதிலிருந்து விதி எழுதப்பட்டு, பாகங்களின் பங்கு 2022 அக்டோபரில் 60, 2024-ல் 65 ஆனது. 2029-ல் 75 ஆகும். 1933-ல் எழுதிய சட்டத்தின் அந்த வார்த்தைகள் மாறவே இல்லை. அவற்றுக்கான பொருள் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இதில் வேகத்தையும் கவனியுங்கள். கொள்முதல் ஆணை மெதுவாக வரும். கையெழுத்து 2021 ஜனவரியில், விதி நடைமுறைக்கு வந்தது 2022 அக்டோபரில். நடுவே வரைவு, கருத்துக் கேட்பு, இறுதி விதி. கடைசியில் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாக உங்கள் மேசைக்கு வரும். படித்துத் தயாராக நேரம் இருக்கும். வரி ஆணைக்கு அந்த நடை இல்லை. அது நேரே சுங்கத்தின் கணினிக்குப் போகிறது. உங்கள் கன்டெய்னர் கடலில் இருந்தபோதே நடந்தது அதுதான்.

உங்கள் ரசீதைப் பிரித்துப் பார்ப்போம். பருத்தி டெர்ரி துண்டுக்கு எப்போதும் உள்ள வரி 9.1 சதவீதம். அது 5,460 டாலர். காங்கிரஸ் ஏற்ற வரி அட்டவணையில் உள்ளது. ‘பரஸ்பர வரி’ என்ற பெயரில் ஆகஸ்ட் 7 முதல் இந்தியாவுக்கு வந்த 25 சதவீதம் 15,000 டாலர். இது வரைக்கும்தான் நீங்கள் கணக்குப் போட்ட 20,460. ரஷ்ய எண்ணெயை இந்தியா வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 6-ல் கையெழுத்தான ஆணை 21 நாள் கழித்து, 27-ம் தேதி அமலுக்கு வந்தது. அது இன்னொரு 15,000.

அந்த ஆணையில் கடலில் இருக்கும் சரக்குக்கு ஒரு விலக்கு இருந்தது. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனை: ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலில் ஏறியிருக்க வேண்டும், செப்டம்பர் 17-க்கு முன் அமெரிக்காவில் சுங்கப் பதிவு ஆகியிருக்க வேண்டும். முதல் நிபந்தனையில் நீங்கள் தேறினீர்கள். இரண்டாவதில் 12 நாள் தாண்டிவிட்டது. தூத்துக்குடியில் இருந்து ஹூஸ்டனுக்கு எத்தனை நாள் ஆகும் என்பது நமக்குத் தெரியும்; 23-ம் தேதி ஏற்றிய சரக்கு அந்தக் கெடுவுக்குள் வர வழியே இல்லை. இதில் உங்கள் மேல் தவறு இல்லை என்று நான் மனமாரச் சொல்கிறேன். இனிமேல் எந்த ஆணை வந்தாலும் சதவீதத்தைப் பார்த்த கையோடு இந்த இரண்டு தேதிகளையும் தேடுங்கள். அவை பெரும்பாலும் ஆணையின் உடலில் இருக்கும், செய்தித் தலைப்பில் வராது.

பணம் திரும்ப வருமா? 5,460 வராது. மற்ற 30,000 டாலரும் 1977-ம் ஆண்டின் சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தின் மேல் நிற்கிறது. அந்தச் சட்டம் அவசர நிலையில் இறக்குமதியை ‘ஒழுங்குபடுத்த’ அதிபருக்கு அதிகாரம் தருகிறது. வரி என்ற சொல் அதில் இல்லை. ‘ஒழுங்குபடுத்த’ என்ற சொல்லுக்குள் வரி போடும் அதிகாரமும் அடங்குமா என்பதே இப்போது வழக்கு. மே 28-ல் நியூயார்க்கில் உள்ள சர்வதேச வர்த்தக நீதிமன்றம் அடங்காது என்றது. ஆகஸ்ட் 29-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 7-க்கு 4 என்ற கணக்கில், இந்த வரிகளுக்கு அந்தச் சட்டத்தில் அனுமதி இல்லை என்றது. வசூல் மட்டும் தொடர்கிறது. உச்ச நீதிமன்றம் நவம்பர் 5-ல் வாதம் கேட்கிறது. வழக்கில் நேரடியாக இருப்பவை முந்தைய ஆணைகள். ரஷ்ய எண்ணெய் ஆணை அதில் இல்லை. ஆனால் நிற்கும் தரை ஒன்றுதான்.

தீர்ப்பு எப்படி வரும் என்று நான் ஆருடம் சொல்லப் போவதில்லை. உங்கள் உரிமையைக் காப்பாற்றி வைப்பது உங்கள் கையில் இருக்கிறது, அதைச் சொல்கிறேன். ஒவ்வொரு சுங்கப் பதிவும் சுமார் 314 நாளில் இறுதிக் கணக்காகும். செப்டம்பர் 29 பதிவு என்றால் 2026 ஆகஸ்ட் முதல் பாதியில் என்று வையுங்கள். சில சமயம் முன்னாலும் முடித்துவிடுவார்கள், அதனால் உங்கள் கஸ்டம்ஸ் புரோக்கரிடம் சொல்லி அந்தத் தேதியைக் கண்காணிக்கச் சொல்லுங்கள். இறுதியான நாளில் இருந்து 180 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். அது தவறினால், பின்னால் தீர்ப்பு எப்படி வந்தாலும் உங்கள் நிலைமை பலவீனமாகிவிடும். பதிவு எண், தேதி, கட்டிய தொகையில் எந்த ஆணைக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் தனித்தனியாக எழுதி வையுங்கள். ஒரே தொகையாக ‘வரி 35,460’ என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை இன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

மச்சான் விலையைக் குறைத்தால் வரி குறையுமா என்ற கேள்வியைக் கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். சரக்கு ஏறுவதற்கு முன்னால் பேசி, இன்வாய்ஸில் அந்த விலையே இருந்து, அந்த விலையையே நீங்கள் கொடுத்தால், சரி. சரக்கு இறங்கிய பிறகு அவர் திருப்பித் தரும் தள்ளுபடியைச் சுங்கம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. இன்வாய்ஸில் ஒன்று, கைமாற்றில் ஒன்று என்பது வேண்டவே வேண்டாம். உறவுக்காரர் என்பதைப் புரோக்கரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெளியாருக்கும் அவர் ஏறக்குறைய இதே விலைக்குத்தான் விற்கிறார் என்று காட்ட அவருடைய மற்ற இன்வாய்ஸ்கள் உதவும்.

வரியைக் குறைக்க நேர்மையான ஒரு வழி இருக்கிறது. அது உங்கள் மாநிலத்திலேயே, டெக்சாஸ் மண்ணிலேயே விளைகிறது. ஏப்ரல் 2-ம் தேதி பரஸ்பர வரி ஆணையில் ஒரு சிறிய பத்தி உண்டு: ஒரு பொருளின் மதிப்பில் குறைந்தது 20 சதவீதம் அமெரிக்காவில் உண்டானது என்றால், அந்த வரி மீதிப் பங்குக்கு மட்டுமே. மேற்கு டெக்சாஸில் லபக் சுற்றுவட்டாரத்தில் விளையும் பஞ்சை நூற்பாலை வாங்கி, அந்த நூலில் மச்சான் துண்டு நெய்தால்? ஒரு டாலர் துண்டில் 30 சென்ட் அமெரிக்கப் பஞ்சு என்று காட்ட முடிந்தால், 25 சதவீதம் 70 சென்டுக்குத்தான். 25 சென்ட் வரி 17.5 சென்ட் ஆகிறது. துண்டில் பஞ்சின் எடை அதிகம், அதனால் சட்டையை விடத் துண்டுக்கு இந்தக் கணக்கு எளிதில் கைகூடும். இந்திய அரசும் பஞ்சு இறக்குமதி மீதிருந்த 11 சதவீத வரியை ஆகஸ்ட் 19-ல் நிறுத்திவைத்து, பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறது. இரண்டு அரசுகளின் இரண்டு உத்தரவுகள் இப்போதைக்கு உங்களுக்குச் சாதகமாகச் சந்திக்கின்றன.

ஆனால் இதைச் சொல்லில் நிறுவ முடியாது, காகிதத்தில் நிறுவ வேண்டும். அமெரிக்கப் பஞ்சுப் பேல் (பொதி) ஒவ்வொன்றுக்கும் நிரந்தர அடையாள எண் இருக்கிறது. அந்த எண்ணில் தொடங்கி, ஆலையில் எந்த லாட் நூலானது, மச்சானின் எந்தத் தறியில் எந்த ஆர்டர் ஓடியது, எந்தப் பெட்டியில் அடைத்தார்கள் என்பது வரை சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். வேறு பஞ்சோடு கலந்து நூற்றால் சங்கிலி அங்கேயே அறுந்தது. ஆர்டர் கொடுப்பதற்கு முன் சுங்கத்திடம் எழுத்தில் முன்தீர்ப்பு கேட்டு வாங்குங்கள். இந்தச் சலுகை ஏப்ரல் ஆணையில் எழுதப்பட்டது. ஆகவே முதல் 25-ல் மட்டும் குறைத்துக் கணக்குப் போடுங்கள். ஓர் ஆணையில் உள்ள சலுகை அடுத்த ஆணைக்குத் தானாகத் தொற்றாது.

இனி உங்கள் ஆசைக்கு, அந்த மருத்துவமனை டெண்டருக்கு வருவோம்.

ஏப்ரல் 15-ல் கையெழுத்தான கொள்முதல் ஆணை பெரியதுதான், மறுக்கவில்லை. 1984-ல் இருந்து நடைமுறையில் உள்ள ஃபெடரல் கொள்முதல் விதித்தொகுப்பை 180 நாளில் சுருக்க வேண்டும், சட்டம் கட்டாயப்படுத்தும் விதிகளையும் மிக அவசியமானவற்றையும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. இந்த வாக்கியத்தை மெதுவாகப் படியுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தும் விதி இருக்கும். ‘பை அமெரிக்கன்’ ஒரு சட்டம். அதுவும் இந்த அதிபரே முதல் தவணையில் இறுக்கிய ஒன்று. உங்களிடம் சொன்னவர் ஆணையின் தலைப்பைப் படித்திருக்கிறார்.

இப்போது உங்கள் துண்டு அந்த அதிகாரியின் மேசையில் என்ன ஆகிறது என்று பார்ப்போம். கடல் கூலி, உங்கள் லாபம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கரூரில் ஒரு டாலருக்கு ஏறிய துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். போட்டியில் உள்ள மலிவான உள்நாட்டு விலை ஒரு சிறு நிறுவனத்தினுடையது என்று வைத்துக்கொள்வோம். நான் மேலே சொன்ன அந்தச் சதவீதத்தை அதிகாரி ஒப்பீட்டுக்காக மட்டும் வெளிநாட்டு விலையின் மேல் ஏற்றிப் பார்ப்பார்; அப்படியும் அது மலிவாக இருந்தால்தான் வாங்குவார். பழைய காலத்தில் 9.1 சதவீத வரி சேர்ந்து 1.09, அதன் மேல் ஒப்பீட்டுக்காக 12 சதவீதம் ஏற்றினால் 1.22. இன்றைக்கு வரி 59.1 சதவீதம், ஆக 1.59. அதன் மேல் 30 சதவீதம். 2 டாலர் 7 சென்ட். கவனியுங்கள், ஒப்பீட்டுச் சுமை வரியோடு சேர்ந்த விலையின் மேல்தான் ஏறுகிறது. வர்த்தகத்துக்கு ஒரு ஆணை, கொள்முதலுக்கு ஒரு ஆணை, எழுதியவர்கள் வேறு, காலம் வேறு. உங்கள் துண்டின் மேல் இரண்டும் ஒன்றை ஒன்று பெருக்கிக்கொண்டு விழுகின்றன. நெய்தவருடைய கையில் ஒரு காசு கூடச் சேராமல் விலை இரட்டிப்பாகிறது. இத்தனை வருட அனுபவத்தில் இந்தப் பெருக்கலை யாரும் ஒரு சிறு வியாபாரிக்கு முன்கூட்டியே எடுத்துச் சொன்னதாக நான் பார்த்ததில்லை. வருத்தமாக இருக்கிறது.

உங்கள் 38,000 டாலர் விலை ஒப்பீட்டில் 49,400 ஆகும். உள்நாட்டுச் சிறு நிறுவனம் ஒன்று 49,000 கொடுத்தாலும் அவர்களுக்குத்தான் போகும். இதில் இன்னொன்று: நீங்கள் ஜெயித்தாலும், சந்தையில் கிடைக்கும் சாதாரணப் பொருளுக்கான நிலையான ஒப்பந்தத்தில் எல்லா வரிகளும் விலையில் அடக்கம் என்று எழுதியிருக்கும். உங்கள் டெண்டரிலும் அந்த ஷரத்து இருக்கிறது. கையெழுத்துக்கு அப்புறம் புதிய வரி ஆணை வந்தால் அது உங்கள் தலையில்.

இதற்குக் கீழும் மேலும் என்ன? கீழே, 15,000 டாலருக்கு உட்பட்ட சிறு கொள்முதலுக்கு ‘பை அமெரிக்கன்’ பொருந்தாது. அக்டோபர் 1 வரை இந்த வரம்பு 10,000 ஆக இருந்தது. ஒரு விடுதி மேலாளர் அரசு கிரெடிட் கார்டில் சில பெட்டி துண்டு வாங்கினால் கரூர் துண்டு உள்ளே போகலாம். பெரிய தேவையைத் துண்டு துண்டாக உடைத்து வாங்க மட்டும் கூடாது. அந்த வாசலும் ஆணைக்கு உட்பட்டதே. பிப்ரவரி 26-ல் வந்த ஆணை பெரும்பாலான அரசுக் கார்டுகளை 30 நாள் முடக்கியது.

மேலே போகப் போகக் கதவு சாத்தியே இருக்கிறது. 1979-ம் ஆண்டின் வர்த்தக ஒப்பந்தச் சட்டப்படி, 1,74,000 டாலரை எட்டும் பொதுப் போட்டிக் கொள்முதலில், பட்டியலில் உள்ள நாடுகளின் பொருளைத்தான் அரசு வாங்கலாம். உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்பாட்டில் இந்தியா 2010 முதல் பார்வையாளர் மட்டுமே, உறுப்பினர் அல்ல. அதனால் பட்டியலில் இந்தியா இல்லை. வங்கதேசம், குறைந்த வளர்ச்சி நாடு என்ற வகையில் இருக்கிறது. ‘பை அமெரிக்கன்’ சட்டம் உங்கள் விலையில் சுமை ஏற்றும். இந்தச் சட்டம் உள்ளேயே விடாது. இதைக் காங்கிரஸ் தெளிவாக எழுதிவிட்டதால், விதித்தொகுப்பை எவ்வளவு சுருக்கினாலும் இது போகாது. ராணுவத்துக்கான துணிகளுக்கு 1941 முதல் இதைவிடக் கடுமையான தனி விதி உண்டு. இழையில் இருந்தே அமெரிக்காவாக இருக்க வேண்டும். அந்தப் பக்கம் பார்க்கவே வேண்டாம்.

உங்களைப் போன்றவர்களை மெல்ல மெல்லத் தொடப் போவது மார்ச் 20-ல் வந்த ஆணை என்று நான் நினைக்கிறேன். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எல்லா அலுவலகங்களும் வாங்கும் பொதுவான பொருட்களை, முடிந்தவரை பொதுச் சேவை நிர்வாகம் என்ற ஒரே அமைப்பின் வழியாக வாங்கச் சொல்கிறது அது. செலவு மிச்சம் என்ற நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதில் இந்தியா என்ற பேச்சே கிடையாது. ஆனால் அந்த அமைப்பின் நீண்டகால விலைப் பட்டியல் ஒப்பந்தங்களுக்கு 1979 சட்டம் பொருந்தும். தனித்தனி அலுவலகங்கள் சிறிய அளவில் வாங்கியபோது நுழைய முடிந்த சரக்கு, கொள்முதல் அங்கே நகர நகர வெளியே நிற்கும். உங்கள் பெயரையோ ஊரையோ சொல்லாத ஆணையும் உங்கள் வாசலை அடைக்கும்.

பட்டியலில் இல்லாத நாட்டுச் சரக்கைச் சத்தமில்லாமல் உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2005 போதும். ஆபிஸ் மேக்ஸ், ஸ்டேப்பிள்ஸ், ஆபிஸ் டெப்போ ஆகிய மூன்று பெரிய நிறுவனங்கள் இப்படியான குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள மொத்தமாக 2 கோடி டாலருக்கு மேல் கட்டின. புகார் கொடுத்தது இன்னொரு வியாபாரி. சிறியவர்களுக்கு இந்த ஆபத்து வேறு விதமாக வருகிறது. என்னிடம் வந்த ஒருவர் அரசு ஒப்பந்ததாரர் பதிவில் வருடாந்திர உறுதிமொழிகளை நிரப்பும்போது, தன் கம்பெனி அமெரிக்கக் கம்பெனி என்பதால் சரக்கும் உள்நாட்டுச் சரக்கு என்று நினைத்து டிக் அடித்துவிட்டார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதைச் சரிசெய்ய அவருக்கு ஒன்பது மாதமும் ஒரு வருட லாபமும் போயிற்று. உங்கள் பதிவைத் திறந்து அந்தப் பக்கத்தை இந்த வாரமே பாருங்கள். அங்கேயே, ஜனவரி 21 ஆணையின்படி, வேலைக்கு ஆள் எடுப்பதில் சட்டவிரோதமான பன்முகத்தன்மைத் திட்டம் எதுவும் நடத்தவில்லை என்ற உறுதிமொழியும் கேட்கப்படலாம். ஐந்து பேர் உள்ள உங்களுக்கு அதில் பெரிய வேலை இல்லை. ஆனால் பொய்யானால் பொய் உரிமைகோரல் சட்டம் மூன்று மடங்கு இழப்பீடு கேட்கும் என்பதால் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

ஆக, டெண்டருக்கு விலை கொடுக்கலாமா? கரூர் துண்டோடு கொடுக்கத் தடையில்லை. ‘வெளிநாட்டுப் பொருள், இந்தியா’ என்று அதற்கான கட்டத்தில் தெளிவாக எழுதி, அடுத்த ஆறு மாதத்தில் வரி ஏறினாலும் தாங்கும் விலையாகக் கொடுங்கள். ஜெயிப்பது கடினம் என்று என் மனதுக்குப் படுகிறது. இன்னொரு வழி இருக்கிறது. இங்கே ஜார்ஜியா மாநிலத்தில் இன்றும் துண்டு நெய்யும் ஆலை உண்டு. அதன் துண்டை வாங்கி அரசுக்கு விற்கும் விநியோகஸ்தராக நீங்கள் போகலாம். மோட்டல்களுக்குக் கரூர், அரசுக்கு ஜார்ஜியா என்று இரண்டு கணக்கு. 38,000 டாலர் அளவிலான டெண்டரில் சிறு நிறுவனமாக உங்களுக்கு அதில் நல்ல இடம் கிடைக்கும். இதைப் படிக்கும்போது உங்கள் முகம் வாடும் என்று தெரியும். உங்கள் ஆசை கரூர் துண்டைப் பற்றியது, அரசு ஆர்டரைப் பற்றியது அல்ல. ஆனால் ஐந்து பேருடைய சம்பளம் உங்கள் கையில் இருக்கிறது. மச்சானின் தறிக்கூடத்தில் இருப்பவர்களின் கூலிக்கும் உங்கள் மோட்டல் வியாபாரம்தான் ஆதாரம். அந்த வியாபாரத்தில் உங்களுக்கு எதிரே நிற்பது பாகிஸ்தான் துண்டு. அதற்குக் கூடுதல் வரி 19 சதவீதம் மட்டுமே. அமெரிக்கப் பஞ்சுக் கணக்கை அங்கே பயன்படுத்துங்கள்.

அரசு அலுவலகங்கள் பல இந்த மாதம் மூடிக் கிடப்பதால் கொள்முதல் அதிகாரியிடம் இருந்து பதில் தாமதமாகலாம். கேள்விகளை மின்னஞ்சலில் மட்டும் கேளுங்கள், கடைசித் தேதி நீட்டிக்கப்பட்டதாக எழுத்தில் வராத வரை பழைய தேதியையே நம்புங்கள். மச்சானிடம் இன்றிரவு பேசும்போது நூல் எந்த ஆலையில் வாங்குகிறார், அந்த ஆலை அமெரிக்கப் பஞ்சைத் தனி லாட்டாக நூற்றுத் தருமா, பேல் எண்ணோடு சான்று தருமா என்ற மூன்றையும் கேட்டு எனக்கு எழுதுங்கள். முன்தீர்ப்புக்கான விண்ணப்பத்தை நாம் சேர்ந்தே எழுதலாம்.